ஃப்ரீஸியின் கையெழுத்து

ஜூன் கடைசி வாரத்தில் ஹாக்கி கிடையாது. அரங்கத்தின் பனித்தளத்தை உருக்கித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, அதே இடத்தில் டிராக்டர் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஏரிக்கரை வீடுகளில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மார்னி ஹ்ரிட்சுக்குக்கு மட்டும் வருஷத்திலேயே பொல்லாத வாரம் அதுதான்.

சாஸ்கட்டூன் கிரேன்ஸ் அணியின் துணைப் பொது மேலாளர் அவள். பட்டம் நீளம், வேலை ஒன்றே ஒன்று. லீக் எல்லா அணிகளுக்கும் ஒரு சம்பள உச்சவரம்பு வைத்திருக்கிறது. அணியின் முதலாளி உலகப் பணக்காரனாக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு டாலர் கொடுக்க முடியாது. இருபத்து மூன்று ஆட்டக்காரர்களை அந்த வரம்புக்குள் அடக்கிக் காட்டுவதுதான் மார்னியின் பிழைப்பு. ஹாக்கிக்காரர்கள் யாரையும் பெற்றவர்கள் வைத்த பெயரால் கூப்பிட மாட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக அவள் பெயர் ‘பூட்டு’.

இந்த வருஷம் பூட்டுக்கு இடிக்கிற இடம் இருபத்தொன்பது லட்சம் டாலர். ஈரோ என்கிற ஃபின்லாந்துப் பையன் போன சீசனில் நாற்பத்தொரு கோல் அடித்துத் தொலைத்தான். அவனை வைத்துக்கொள்ள எழுபத்தைந்து லட்சம் வேண்டும். கையில் இருக்கும் இடம் நாற்பத்தாறு லட்சம். யாரையாவது கழற்றிவிட்டால்தான் ஈரோ உள்ளே வர முடியும். கழற்றுவது என்று பேச்சு வந்ததும் எல்லார் கண்ணும் ஒரே ஆள் மேல் போய் நின்றது. அவன் டார்சி ஃப்ரீசன். ஊருக்கு ஃப்ரீஸி. தற்காப்பு ஆட்டக்காரன், வயது முப்பத்து நான்கு. பதினோரு வருஷமாக கிரேன்ஸின் இருபத்தேழாம் எண் சட்டை அவனுடையது. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி, வருஷத்துக்கு நாற்பத்தைந்து லட்சம். ஏப்ரல் ஆட்டங்களில் எதிரணிப் பொடியன்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனதை ஊரே பார்த்தது.

முதலில் வேறு அணிக்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள். தெற்கே ஒரு பாலைவன ஊர் அணி அவனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் ஒப்பந்தப்படி ஃப்ரீஸி வேண்டாம் என்று சொல்லக்கூடிய பத்து அணிகளில் அதுவும் ஒன்று. மார்னி அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் ஒவ்வொரு கோடையிலும் அந்த ஊருக்குத்தான் கோல்ஃப் ஆடப் போவான். ஓய்வு பெற்றதும் அங்கேயே கிடக்கப்போவதாக உடைமாற்றும் அறையில் வாய் ஓயாமல் சொல்வான். அப்படிப்பட்டவன் கேள்வி முடிவதற்குள் முடியாது என்று போனை வைத்துவிட்டான். மார்னிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு மிச்சம் இருந்தது பைஅவுட் ஒன்றுதான். மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்து, நாலு வருஷத்துக்குப் பிரித்துக் கட்டி, ஆளை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு. அதைச் செய்தால் வருஷத்துக்கு முப்பது லட்சம் மிச்சமாகும். ஈரோவுக்குச் சரியாகப் போதும். அதற்குக் கடைசிக் கெடு சனிக்கிழமை, கிழக்கு நேரப்படி நண்பகல்.

பொது மேலாளர் கிளென் மக்காஸ்கில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்காக மாண்ட்ரியாலில் இருந்தார். வெள்ளிக்கிழமை அங்கிருந்து கூப்பிட்டார்.

“அவன் ஏஜென்ட்டுக்கு வியாழக்கிழமையே சொல்லியாச்சு. காகிதத்தை ரெடி பண்ணு, நாளைக்கு நான் இங்கேருந்து அனுப்பிடறேன்.”

“பதினோரு வருஷம், கிளென்.”

“எனக்கு மட்டும் பாசம் இல்லையா? பாசத்துக்கு உச்சவரம்பு இல்ல மார்னி, சம்பளத்துக்கு இருக்கு.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவளுக்கு எரிச்சல் வந்தது.

காகிதங்களை அடுக்கும்போதுதான் ஃப்ரீஸியின் சீசன் இறுதி மருத்துவப் படிவம் கையில் வந்தது. காயம்பட்டவனை பைஅவுட் செய்ய லீக் விதி இடம் கொடுக்காது. அதனால் உடம்பு சரியாக இருக்கிறது என்று ஆட்டக்காரனே கையெழுத்துப் போட்ட இந்தப் படிவம் உடன் போக வேண்டும். இந்தப் படிவம் நிரம்பும் லட்சணம் அவளுக்குத் தெரியும். கடைசி ஆட்டத்தில் தோற்ற மறுநாள் காலை எல்லாரும் ரப்பர் செருப்பும் குப்பைப் பையில் அடைத்த சாமான்களுமாக வரிசையில் நிற்பார்கள். டாக்டர் “ஏதாவது?” என்பார். “ஒண்ணுமில்ல டாக்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பீர் குடிக்கப் போய்விடுவார்கள். விலா எலும்பு உடைந்தவனும் ஒன்றுமில்லை என்பான். நேற்றுதான் நாலு பல் விழுங்கியவனும் ஒன்றுமில்லை என்பான். ஊரில் இதற்கு வீரம் என்று பெயர். மார்னி வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.

ஃப்ரீஸியின் கையெழுத்தைத் தெரியாதவர்கள் சாஸ்கட்டூனில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுப்பான். பேக்கரிச் சுவரில் இருக்கிறது. பெட்ரோல் பங்க்காரரின் பிக்கப் வண்டி முகப்பில் இருக்கிறது. மார்னியின் அக்கா மகள் கால் ஒடிந்து கிடந்தபோது மாவுக்கட்டின் மேலேயும் போட்டான். பண்ணைக் கதவு மாதிரி அகலமான ஒரு எழுத்து, ஒரே இழுப்பில் பெயர், அடியில் கொழுத்த இருபத்தேழு. படிவத்தில் இருந்ததும் அதே பெயர்தான், அதே எண்தான். ஆனால் எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருந்தது. எழுத்துகள் தனித்தனியாக நின்றன. இருபத்தேழை இரண்டு தடவை அழுத்தி எழுதப் பார்த்ததில் காகிதம் கிழிந்திருந்தது.

மார்னி அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு அணிக்குக் கைமாற்றினால், எடுத்துக்கொள்ளும் முன்பே அவர்கள் டாக்டர் தலைமுதல் கால்வரை பார்ப்பார். பாலைவனம் ஏன் கசந்தது என்று அப்போது புரிந்தது.

அவனை நேரில் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன் என்று கிளெனிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அவள் ரோஸ்தர்ன் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஃப்ரீசன் பண்ணையில் காரை நிறுத்தினாள். இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. பின்னாலேயே ஃப்ரீஸி வந்தான். வலது கை கால்சட்டைப் பையில் இருந்தது.

“அடடே, பூட்டு! வெட்டறதுக்கு முன்னாடி ஆட்டைப் பாத்துட்டுப் போக வந்தியா?”

“காலங்காத்தால ஆரம்பிக்காத. காபி இருக்கா?”

அவன் இடது கையை நீட்டினான். அவளும் இடது கையைக் கொடுத்துக் குலுக்கினாள். 

வீட்டுக்குப் பின்னாலிருந்த மரத்தளத்தில் அவன் மனைவி ஜோலீன் ரோல்கூக்கன் பொரித்துக் குவித்திருந்தாள். மெனனைட் கிறிஸ்தவர்கள் வீடுகளில் கோடை வந்தால் பொரித்த மாவும் தர்பூசணியும்தான் சாப்பாடு, வேறு எதையும் கேட்கக் கூடாது. ஜோலீன் மார்னிக்குத் தர்பூசணியை அப்படியே ஒரு பெரிய வளையமாக வைத்தாள். புருஷனுக்குச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஒரு முள்கரண்டி வைத்தாள். அவன் இடது கையால் குத்திச் சாப்பிட்டான்.

மார்னி பையிலிருந்து இரண்டு பொருட்களை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்று ஏப்ரல் மாதப் படிவத்தின் நகல். இன்னொன்று அவள் அக்கா மகளின் ஹாக்கி அட்டை, ஃப்ரீஸியின் படத்தின் மேல் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் கையெழுத்துப் போட்டது.

“இது ரெண்டும் ஒரே ஆளா ஃப்ரீஸி?”

அவன் எட்டிப் பார்த்தான். “அன்னிக்கு அவசரம். பீர் சூடாயிட்டிருந்துச்சு.”

“அவசரத்துலயும் இருபத்தேழ விடலையே.”

“அதை எப்ப விட்டிருக்கான்?” என்றாள் ஜோலீன். “கல்யாண ரிஜிஸ்டர்ல போட்டான். போதகர் முறைச்ச முறையில நான் மேடையிலேருந்து இறங்கி ஓடிருக்கணும்.”

ஃப்ரீஸி சிரித்தான். மார்னியும் சிரித்தாள். பிறகு வந்த வேலையைச் சொன்னாள்.

“நல்லாக் கேட்டுக்கோ. உடம்பு நல்லாருக்குன்னு நீ சொன்னா, நண்பகலுக்கு கிளென் காகிதத்தை அனுப்பிடுவார். தொண்ணூறு லட்சத்துல முப்பது போயிடும், மிச்சத்தை நாலு வருஷம் தவணையில தருவாங்க, நீ கிரேன்ஸ் ஆள் இல்ல. காயம்னு சொன்னா உன்னைத் தொட முடியாது. ரெண்டு வருஷச் சம்பளமும் முழுசா வரும். உன்னை நீண்டகாலக் காயப் பட்டியல்ல போட்டுடுவோம், உன் நாற்பத்தஞ்சு லட்சத்துக்கு லீக் எங்களுக்கு விலக்குக் கொடுக்கும், ஈரோவுக்கும் இடம் கிடைச்சிடும். யாருக்கும் நஷ்டம் இல்ல.”

“யாருக்கும் இல்லையா?”

மார்னி தர்பூசணி விதைகளைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

“பட்டியல் உன்கிட்டதானே இருக்கு பூட்டு? நீயே சொல்லு. நீ வந்ததுலேருந்து எத்தனை பேரை அதுல போட்ட?”

“உன் வயசுக்காரங்க ஆறு பேர்.”

“திரும்பி வந்து ஆடினது?”

அவளுக்குப் பொய் சொல்ல வரும். ஏஜென்ட்டுகளிடம் வாரம் நாலு பொய் சொல்கிறவள்தான். ஆனால் இவனிடம் வரவில்லை. “ஒருத்தரும் இல்ல.”

“ம்.” அவன் ஒரு துண்டு தர்பூசணியைக் குத்தித் திரும்பத் தட்டிலேயே வைத்தான். “நீங்க அனுப்பிட்டா எடுத்துக்கறோம்னு ஒரு டீம்லேருந்து பேசினாங்க. ஒரே வருஷம், அடிமட்டச் சம்பளம். சும்மா ஆடச் சொன்னாலும் ஆடுவேன். செப்டம்பர்ல பயிற்சி ஆரம்பிக்கறப்பதான் அங்க டாக்டர் பாப்பாங்க. அதுக்குள்ள ஆறிடும்.”

“யார் சொன்னா?”

அவன் நாய்களைப் பார்த்தான்.

“ஒருத்தரும் சொல்லல. எங்க அண்ணன்தான் கையைப் பாத்தான்,” என்றாள் ஜோலீன்.

“உங்க அண்ணன் மாட்டு டாக்டர் இல்ல?”

“மாடு மட்டுமில்ல, குதிரையும் பாப்பான். குதிரைக் காலுக்கு எக்ஸ்ரே எடுக்கற மெஷின்ல இவன் கையை வச்சு எடுத்தான். மணிக்கட்டு எலும்பு ரெண்டா நிக்குது. மார்ச்லேருந்து ஒட்டவே இல்ல. டேப்பைச் சுத்திக்கிட்டு மிச்சம் அத்தனை ஆட்டமும் ஆடிருக்கான் இந்த மகாராஜன். ‘குதிரையா இருந்தா என்ன பண்ணுவேன்னு மட்டும் கேக்காதே’ன்னான் எங்க அண்ணன்.”

“ஜோ!”

“என்ன ஜோ? சட்டைப் பொத்தானை நான் போட்டு விடறேன். இறைச்சியை நான் வெட்டித் தரேன். இதையும் நான்தான் சொல்லணும் போல.”

மார்னி தலையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று ஏப்ரலில் சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் இவனைக் கழற்ற நினைத்திருக்கவே முடியாது. மெதுவாகிவிட்டான் என்று ஊரே ஏசியதும் ஒரு கையோடு ஆடிய இவனைத்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அதைத் தட்டிவிடக்கூட ஒப்பாமல் நிற்கிறான். அவளுக்கு அவனை அறையவேண்டும் போலவும் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

ஃப்ரீஸி சமையலறைச் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். ஒன்பது முப்பத்தைந்து.

“நண்பகல்னா இங்க பதினொண்ணுதானே? நேரம் கிடக்கு. வைக்கோலைக் கட்டிட்டு வந்துடறேன், அப்புறம் பேசலாம்.”

“பத்து.”

“எது பத்து?”

“பத்து மணி ஃப்ரீஸி. கோடையில அவங்க கடிகாரத்தைத் தள்ளி வச்சுக்கிறாங்க. நாமதான் எதையும் தொடறதில்லையே.”

சாஸ்கச்சுவான் மாகாணத்தில் கடிகாரத்தைக் குளிருக்கு ஒரு தரம் வெயிலுக்கு ஒரு தரம் திருப்புகிற வழக்கம் இல்லை. குளிர்காலத்தில் கிழக்கோடு ஒரு மணி நேரம் வித்தியாசம், கோடையில் இரண்டு. பதினோரு குளிர்காலமாக லீக்கின் நண்பகலை இவன் பதினொன்று என்றே பழகியிருந்தான். கோடையில் லீக்கின் மணியைப் பார்க்கும் அவசியம் இதுவரை வந்ததில்லை. இந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இது நடந்திருக்கும், பெரும்பாலும் விமான நிலையத்தில். ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருப்பதாக நினைத்தவனிடம் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.

அவன் எழுந்தான். சுவரில் சாத்தியிருந்த மட்டையை எடுத்துக்கொண்டு புல்லில் இறங்கினான். வைக்கோல் கொட்டகைக் கதவுக்கு முன்னால் பிள்ளைகளின் கோல் வலை இருந்தது. நாலைந்து ஆரஞ்சுப் பந்துகள் சிதறிக் கிடந்தன.

“பாரு,” என்றான்.

அவனுக்கு மட்டையின் மேல்முனையைப் பிடிப்பது வலது கை. முதல் பந்து பிசகில்லாமல் வலையின் மூலைக்குப் போனது. திரும்பி மார்னியைப் பார்த்தான். இரண்டாவது பந்தை அடித்தபோது மட்டை கையிலேயே சுழன்று புல்லில் விழுந்தது. “வியர்வை,” என்று சொல்லி எடுத்தான். மூன்றாவது தடவை பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே விழுந்தது. நாய் ஓடிப்போய் மட்டையை மோந்து பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.  மார்னி காரணமே இல்லாமல் பையைத் திறந்து மூடினாள்.

“போதும் டார்சி,” என்றாள் ஜோலீன்.

அவன் படியில் வந்து உட்கார்ந்தான்.

“நீயே எழுதிக்கோயேன் பூட்டு. பாத்துட்டல்ல.”

“முடியாது. காயம்னு நாங்களா சொன்னா, சம்பளத்தை மறைக்கக் கதை கட்டுறோம்னு லீக் வந்து நிக்கும். டாக்டர் திங்கக்கிழமை பாக்கறது இருக்கட்டும். முதல்ல உன் வாயால வரணும்.”

“பதினாறு வயசுலேருந்து ஆடறேன். ஒரு தடவை சொன்னதில்ல.”

“தெரியும். அதனாலதான் இங்க உக்காந்திருக்க.”

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு கிளென் கூப்பிட்டார். பின்னணியில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. “என்ன சொல்றான்? நான் பொத்தான் மேல விரலை வச்சிட்டு நிக்கறேன்.”

மார்னி போனை ஃப்ரீஸியிடம் நீட்டினாள். அவன் அதை வெறித்துப் பார்த்தான். பிறகு வாங்கிக் காதில் வைத்தான்.

“கிளென்.”

“சொல்லுடா.”

ஜோலீன் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் யாரோ வயலில் டிராக்டரை நிறுத்தினார்கள்.

“வலிக்குது,” என்றான் ஃப்ரீஸி.

 கிளெனின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. “எங்க?”

“மணிக்கட்டு. மார்ச்லேருந்து. ரொம்ப வலிக்குது கிளென்.”

“பாவி, கேட்டோமே அன்னிக்கு!”

“கேட்டீங்க. ஒண்ணுமில்லன்னேன்.”

ஜோலீன் துணியால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிளென் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். “பூட்டுகிட்ட குடு” என்றார். மார்னியிடம், தான் எதையும் அனுப்பப்போவதில்லை என்றும், அவன் எழுதிக் கொடுப்பதை உடனே படம் எடுத்து அனுப்பும்படியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். 

மார்னி காயப் படிவத்தை மேஜையில் விரித்தாள். அவன் பேனாவை வலது கையில் எடுத்தான். இடது கை போதும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள், அவன் கேட்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. நெற்றியில் வேர்த்திருந்தது. பேனாவை மூடி அவளிடம் கொடுத்தான்.

அவள் படம் எடுக்கக் குனிந்தாள். பெயருக்கு அடியில் வெறும் காகிதம் இருந்தது.

“ஃப்ரீஸி, எண் போடலையே.”

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்து முள்கரண்டியை இடது கையில் எடுத்தான்.

“அது ஆடறவனோடது பூட்டு,” என்றான். “அனுப்பு, மணி ஆகுது.”